தோட்டத்து வீட்டுக்கு சிம் ரவுட்டர்: அளவும் செலவும் தவறும்

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தென்னந்தோப்பு. நடுவில் தளம் போட்ட வீடு. ஃபைபர் லைன் ஊரின் கடைசிக் கம்பத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து வீடு 1.4 கிலோமீட்டர். கம்பம் நட்டு லைன் இழுக்கக் கேட்ட தொகையில் இரண்டு வருடத்துக்கு ரீசார்ஜ் போட்டுவிடலாம். அதனால் சிம் போடும் ரவுட்டர்தான் என்று முடிவானது. ஏப்ரலில் முதல் ரவுட்டரை மாட்டியபோது இரவு 9 மணிக்கு வந்த வேகம் 3 எம்பிபிஎஸ். இப்போது ஆடி மாதம். அதே 9 மணிக்கு டவுன்லோடு 38, அப்லோடு 7. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே செய்த வேலை, வாங்கிய சாமான், வீணாய்ப்போன சாமான் எல்லாம் கீழே வரிசையாக.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். கடைக்குப் போய் "நல்ல ரவுட்டரா ஒண்ணு குடுங்க" என்று கேட்டதில்தான் எல்லாத் தவறும் தொடங்கியது. இந்த வேலையில் ரவுட்டர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள்.

அதற்கும் முன்னால் ஏர்ஃபைபர் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2023-இலிருந்து ஜியோவும் ஏர்டெல்லும் 5ஜி வழியாக வீட்டு இணைப்பு தருகின்றன. மாடியில் ரிசீவர் மாட்டுவது அவர்கள் வேலை. உங்கள் முகவரிக்குக் கிடைத்தால் கீழே உள்ள பாதி வேலை மிச்சம். இந்தத் தோப்பில் 5ஜி சாலை ஓரம் வரை எட்டிப் பார்க்கிறது, வீட்டு மாடிக்கு வருவதில்லை. ஆகவே 4ஜி.

எவ்வளவு டேட்டா வேண்டும்

வீட்டில் தினமும் மூன்று மணி நேர வீடியோ மீட்டிங், இரண்டு மணி நேர ஆன்லைன் வகுப்பு, இரண்டு மணி நேர டிவி, நாலு போன், இரண்டு கேமரா. மீட்டிங் இரு பக்கமும் சேர்த்து 2 எம்பிபிஎஸ் ஓடினால் மணிக்கு 0.9 ஜிபி. டிவியில் 1080பி படம் 5 எம்பிபிஎஸ் வேகத்தில் மணிக்கு 2.25 ஜிபி தின்னும். 480பி-க்கு இறக்கினால் 0.7-க்குள் அடங்கும். டிவி செயலியில் இதை ஒருமுறை மாற்றி வைத்துவிட்டால் போதும், 32 இன்ச் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. எல்லாம் கூட்டினால் நாளுக்கு 7 ஜிபி, மாதத்துக்கு 210.

இந்தக் கணக்கில் கேமராவைச் சேர்க்கவில்லை. 1 எம்பிபிஎஸ்-இல் ஒரு கேமரா நாள் முழுக்க கிளவுடுக்கு ஏற்றினால் 10.8 ஜிபி, இரண்டுக்கு 21.6. வீட்டு ஆட்கள் செலவழிப்பதைப்போல மூன்று மடங்கு. இரண்டு கேமராவிலும் மெமரி கார்டு போட்டு, பதிவு அங்கேயே நடக்கும்படியும், வெளியிலிருந்து திறந்து பார்க்கும்போது மட்டும் ஏறும்படியும் வைத்தாயிற்று.

நாளுக்கு 2 ஜிபி தரும் சாதாரண போன் ரீசார்ஜ் இதற்கு ஆகாது. காலை மீட்டிங் முடிவதற்குள் தீர்ந்து, மீதி நாள் 64 கேபிபிஎஸ்-இல் நகரும். அன்லிமிடெட் 5ஜி என்று போட்டிருக்கும் திட்டமும் 4ஜி ரவுட்டரில் உதவாது, அந்தச் சலுகை 5ஜி-யில் ஓடும் டேட்டாவுக்கு மட்டும். நாள் ஒதுக்கீடு இல்லாமல் மொத்தமாக டேட்டா தரும் திட்டமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

அளந்தது

கருவி ஒரு ஆண்ட்ராய்டு போன், அவ்வளவுதான். டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* அடித்தால் பல போன்களில் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். அங்கே நெட்வொர்க் வகையை எல்டிஇ (அதாவது 4ஜி) மட்டும் என்று வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போன் தன்னிஷ்டத்துக்கு 5ஜி பக்கம் தாவும். கூடவே சிக்னல் எண்களைக் காட்டும் நெட்மான்ஸ்டர் செயலி. இதில் நாலு எண் பார்க்க வேண்டும்.

ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். மைனஸ் 80 என்றால் அமோகம், மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 115 தாண்டினால் அறுந்து அறுந்து வரும். எஸ்ஐஎன்ஆர் என்பது சிக்னலின் சுத்தம்: 20-க்கு மேல் அருமை, 10 பரவாயில்லை, 0-வை ஒட்டினால் வேகம் வராது. போனின் மேல்மூலையில் காட்டும் கோடுகள் பலத்தை மட்டும் பார்த்துப் போடுபவை. அவற்றை நம்ப வேண்டாம். மூன்றாவது எண் இஏஆர்எஃப்சிஎன், எந்த பேண்ட் (அலைவரிசைப் பிரிவு) என்பதை இது சொல்லும். 1200 முதல் 1949 வரை பேண்ட் 3, அதாவது 1800 மெகாஹெர்ட்ஸ். 38650 முதல் 39649 வரை பேண்ட் 40, 2300 மெகாஹெர்ட்ஸ். நாலாவது டிஏ. அந்த எண்ணை 78-ஆல் பெருக்கினால் டவர் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று ஏறக்குறையத் தெரியும். எல்லா போனும் டிஏ காட்டாது. காட்டுகிற போனை யாரிடமாவது இரவல் வாங்குவதில் தப்பில்லை.

டவர் எங்கே, யாருடையது என்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளம் இருக்கிறது. வரைபடத்தில் சுற்றுவட்டார டவர்களையும் ஒவ்வொன்றிலும் எந்தெந்த நிறுவனம் ஏறியிருக்கிறது என்பதையும் பார்க்கலாம்.

இரண்டு நிறுவனத்தின் சிம் வைத்து மாடியில் அளந்தது இது. முதல் சிம் பேண்ட் 3-இல் நின்றது, ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 86, எஸ்ஐஎன்ஆர் 5, டிஏ 11. அதாவது 860 மீட்டர் தள்ளி, கண்ணுக்கே தெரியும் டவர். இரண்டாம் சிம் பேண்ட் 40, மைனஸ் 101, எஸ்ஐஎன்ஆர் 9, டிஏ 33. வடமேற்கே சுமார் 2.6 கிலோமீட்டரில், கண்ணுக்குத் தெரியாத டவர். பலத்தைப் பார்த்தால் முதல் சிம் ஜெயிக்கிறது. வேகத்தை மூன்று வேளை அளந்தபோது முதல் சிம் காலை 6 மணிக்கு 41, மதியம் 2 மணிக்கு 17, இரவு 9 மணிக்கு 4. இரண்டாம் சிம் 33, 29, 22. பக்கத்து டவரில் அந்த பேண்ட் 10 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான், அதிலும் ஊரே இரவில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. தூரத்து டவரில் 20 மெகாஹெர்ட்ஸ், கூட்டமும் குறைவு.

ஒரே ஒரு வேளை, அதுவும் காலையில் அளந்திருந்தால் தப்பான சிம்மில்தான் போய் விழுந்திருக்கும். உண்மையில் அப்படித்தான் விழுந்தது. மேலே உள்ள அளவெல்லாம் முதல் ரவுட்டர் வாங்கி ஏமாந்த பிறகு எடுத்தவை.

முதல் ரவுட்டர்

2,300 ரூபாய், பெயர் தெரியாத கம்பெனி, நாலு கொம்பு, அட்டையில் "ஆல் சிம் சப்போர்ட்". எல்லா சிம்மும் உள்ளே போகும் என்பது சரிதான். அடிப்பக்க லேபிளில் பொடி எழுத்தில் இருந்த பேண்ட் பட்டியல் 1, 3, 7, 8, 20. ஐரோப்பாவுக்கான பட்டியல் இது. 5, 40, 41 மூன்றும் இல்லை. இரண்டாம் சிம்மைப் போட்டாலும் பேண்ட் 40-ஐ இதால் பிடிக்க முடியாது. முதல் சிம்மைப் போட்டு ஹாலில் வைத்தால் இரவு 3 எம்பிபிஎஸ்.

சரி, கொம்பைக் கழற்றி வெளி ஆன்டெனா போடலாம் என்று பார்த்தால் கொம்புகள் கழலாத வகை. மூடியைத் திறந்ததில், இரண்டு கொம்பு வைஃபைக்கு, ஒன்று 4ஜி-க்கு, நாலாவதற்கு உள்ளே வயரே இல்லை. வெறும் பிளாஸ்டிக். போர்டில் இருந்த குட்டி ஐபெக்ஸ் கனெக்டரில் வேறு வயர் மாட்டி வெளியே எடுக்கலாம்தான். ஆனால் அந்த வகைக் கனெக்டர் முப்பது முறை கழற்றி மாட்டவே வடிவமைத்தது. நேர் மேலிருந்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் வளையம் நெளிந்துவிடும். பேண்டே இல்லாத ரவுட்டருக்கு அந்த உழைப்பு வீண். மூடி போட்டு மூலையில் வைத்தாயிற்று.

இரண்டாவதைத் தேர்ந்தது

இந்தியாவில் 4ஜி-க்குப் பயன்படும் பேண்டுகள் 1, 3, 5, 8, 28, 40, 41. எல்லாம் எல்லோரிடமும் இல்லை. ஜியோவுக்கு 3, 5, 40. ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. பிஎஸ்என்எல் 4ஜி-க்கு 1, 28, 41. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, ஆகவே பழைய 3ஜி ரவுட்டர் அதில் உயிரே பெறாது. பிஎஸ்என்எல் சிம் போட நினைப்பவர்கள் 28 இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கவும், பல ரவுட்டர்களில் இருக்காது. பட்டியலில் 2, 4, 12, 13, 66 என்று கண்டால் அது அமெரிக்காவுக்கான மாடல். ஒரே மாடல் பெயரில் நாட்டுக்கு நாடு பேண்ட் மாறும், அதனால் பெயரை வைத்து முடிவு செய்யாமல் லேபிளில் உள்ள பட்டியலைப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வளைகுடாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சொந்தக்காரர்கள் கொண்டுவரும் ரவுட்டரில் இன்னொரு சிக்கல், அந்த ஊர் நிறுவனத்தின் பூட்டு. நம்ம சிம்மைப் போட்டதும் அன்லாக் கோடு கேட்டு நிற்கும்.

ரவுட்டரின் வேக வகையைச் சொல்லும் கேட்-4, கேட்-6 என்ற எண்ணைப் பற்றி. கேட்-4 ஒரு நேரத்தில் ஒரு பேண்டைத்தான் பிடிக்கும், உச்சபட்சம் 150 எம்பிபிஎஸ். பேண்ட் 40-இல் 20 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தாலும் நடைமுறை உச்சம் 110 அளவில் நிற்கும். கேட்-6 இரண்டு பேண்டைச் சேர்த்துப் பிடிக்கும், உச்சம் 300. விலை ஏறக்குறைய இரட்டிப்பு. இங்கே கூட்ட நேரத்தில் 20, 30 கிடைப்பதே பெரிது என்பதால் கேட்-4 எடுத்தது. அந்த முடிவில் இப்போது கொஞ்சம் சந்தேகம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

விலையைவிட முக்கியமாகப் பார்த்தவை இவை: பின்னால் எஸ்எம்ஏ என்ற திருகு வகையில் இரண்டு ஆன்டெனா துளை, கொம்பு கழலும் வகை. அமைப்புப் பக்கத்தில் பேண்டைப் பூட்டும் வசதியும், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் எண்களைக் காட்டும் வசதியும். வெறும் கோடு காட்டும் ரவுட்டரை வைத்து ஆன்டெனா திருப்ப முடியாது. 12 வோல்ட் அடாப்டர். எஸ்எம்எஸ் படிக்கும் பக்கம், ஏனென்றால் ரீசார்ஜ் ஓடிபி அந்த சிம்முக்குத்தான் வரும். இந்த நாலும் இருந்த கேட்-4 ரவுட்டர் 4,650 ரூபாய். லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், இந்த வேகத்துக்கு அது போதும்.

சிம் துளை மைக்ரோ அளவு. நானோ சிம்மை அடாப்டர் சட்டத்தில் வைத்துத் தள்ளும்போது சிம் மட்டும் உள்ளே நழுவி, சட்டம் வெளியே வரும்போது பின்னைக் கொக்கி போட்டு இழுத்துவிடும். ரவுட்டரே போய்விடக்கூடிய விபத்து இது. சட்டத்தின் பின்பக்கம், செம்பு தெரியாத பக்கம், ஒரு துண்டு செலோ டேப் ஒட்டிவிட்டுத் தள்ளினால் பிரச்சினை இல்லை.

பத்து மீட்டர் கேபிள்

எல்பிடிஏ ஆன்டெனா ஒரு ஜோடி 2,400 ரூபாய். மீன் முள் போல, முனை சிறுத்து அடி பெருத்த வகை. 698 முதல் 2700 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லா பேண்டுக்கும் ஒத்துவரும். சிக்னலைக் குவிக்கும் திறன் அட்டையில் 11 டிபிஐ. கூடவே கடைக்காரர் கொடுத்தது ஆர்ஜி-58 கேபிள், பத்துப் பத்து மீட்டரில் இரண்டு, 800 ரூபாய். ஆன்டெனா மாடியில், ரவுட்டர் ஹாலில். கேபிளை ஜன்னல் வழியாக இறக்கியாயிற்று.

முதலில் எண்ணே அசையவில்லை. ஆன்டெனா இருந்தாலும் இல்லாவிட்டாலும் மைனஸ் 113. காரணம் கேபிள் முனை. வந்தது ஆர்பி-எஸ்எம்ஏ, அது வைஃபை ஆன்டெனாவுக்கானது. மரை அச்சாகப் பொருந்துகிறது, நன்றாக முறுக்கிக்கொள்கிறது, ஆனால் நடுவில் ஊசி இல்லை. ரவுட்டரிலும் துளை, கேபிளிலும் துளை, நடுவே காற்று. வாங்கும்போது கேபிள் முனைக்குள் ஒரு பித்தளை ஊசி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சில ரவுட்டர்களில் அமைப்புப் பக்கத்திலும் வெளி ஆன்டெனா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

முனையை மாற்றிய பிறகு மைனஸ் 103. இதைச் சரிபார்க்க, ரவுட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு மாடிக்குத் தூக்கிப்போய் அதன் சொந்தக் கொம்புகளோடு வைத்ததில் வந்தது மைனஸ் 102. ஆன்டெனாவும் கேபிளும் சேர்ந்து 3,200 ரூபாய்க்கு ஒரு டெசிபல் நஷ்டம்! 2300 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபலை விழுங்கும். பத்து மீட்டரில் ஆன்டெனா கொண்டுவந்ததை முழுக்க வழியிலேயே தின்றுவிட்டது. எல்எம்ஆர்-200 என்ற கேபிள் மீட்டருக்கு சுமார் 0.5, எல்எம்ஆர்-400 சுமார் 0.2. தடித்த 400 கேபிள் விலையும் அதிகம், வளைக்கவும் படாத பாடு. ஆன்டெனா பக்கத்திலேயே ரவுட்டரை வைத்துவிட்டு, கீழே ஈதர்நெட் கேபிளை இறக்குவதுதான் சரியான வழி. கேட்-6 ஈதர்நெட் கேபிள் (ரவுட்டரின் கேட்-6 வேறு, இது வேறு) நூறு மீட்டர் வரை வேகத்தைக் குறைக்காது.

வெயிலும் ஓலையும்

முதலில் மாடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மழைக்கு நன்றாக மூடியது. ஏப்ரல் மதியம் 2 மணிக்குப் பெட்டிக்குள் தெர்மாமீட்டர் 57 டிகிரி. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம். மதியம் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிக்கொண்டிருந்தது. பெட்டியை எடுத்துவிட்டு, மாடிப்படி முடியும் ஹெட்ரூமுக்குள் உள்சுவரில் மாட்டியதும் அந்தத் தொல்லை நின்றது. ஜாலி வைத்த சுவர், காற்று ஓடும். மே மாதத்தில்கூட அதிகபட்சம் 39. ஆன்டெனா அதே சுவரின் வெளிப்பக்கம். நடுவே 2 மீட்டர் எல்எம்ஆர்-200, இரண்டு துண்டு, 900 ரூபாய். இப்போது மைனஸ் 94, எஸ்ஐஎன்ஆர் 12, இரவு வேகம் 26.

உயரம் கூட்டினால் இன்னும் ஏறும் என்ற எண்ணத்தில் 6 மீட்டர் ஜிஐ பைப், இழுகம்பி, கூலி என்று 1,900 செலவழித்துத் தரையிலிருந்து 10 மீட்டருக்கு ஏற்றியதில் மைனஸ் 97-க்கு இறங்கியது. எஸ்ஐஎன்ஆர் 7, அதுவும் நிலையாக நிற்காமல் 2-க்கும் 11-க்கும் ஊசலாடியது. மேலே நிமிர்ந்து பார்த்தாலே விடை தெரிந்தது. இந்தத் தோப்பில் பெரும்பாலும் குட்டை-நெட்டை ஒட்டு ரகம். ஓலைக்கூட்டம் 7 முதல் 11 மீட்டரில் விரிந்து நிற்கிறது. ஆன்டெனாவைத் தேடிப்போய் அதற்குள்ளேயே சொருகியாயிற்று. முன்பு சுவரில் இருந்த 5.5 மீட்டரில் ஓலைக்குக் கீழே மரத்தண்டுகள் மட்டும்தான், நடுவில் வெட்டவெளி. டவர் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் சிக்னல் ஏறக்குறையக் கிடைமட்டமாகத்தான் வருகிறது, தண்டுகளுக்கு இடையே நுழைந்து வந்துவிடுகிறது. முழு ஓலைக்கூட்டத்துக்கும் மேலே போவதென்றால் 15 மீட்டர் கம்பம் வேண்டும், இடி இறங்கும் காலத்தில் அது வேண்டாத வேலை.

இதைப் பைசா செலவில்லாமல் முன்னாலேயே தெரிந்துகொண்டிருக்கலாம். தேங்காய் பறிக்கும் தொரட்டிக் கோலின் நுனியில் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, செயலியில் பதிவை ஓடவிட்டு, மீட்டர் மீட்டராக உயர்த்தி, ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு நிமிடம் நிறுத்தினால் போதும். பிறகு அப்படிச் செய்து பார்த்ததில் 5 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் எஸ்ஐஎன்ஆரில் அதே 5 டெசிபல் வித்தியாசம்தான் வந்தது.

திருப்பியது

இரண்டு ஆன்டெனாவையும் நேர்நிமிர்த்தி மாட்டியிருந்தது. பார்க்க அழகுதான். டவர் தன் இரண்டு அலைகளையும் 45 டிகிரி வலம், 45 டிகிரி இடம் சாய்த்து அனுப்புகிறது. இரண்டு ஆன்டெனாவும் ஒரே சாய்வில் நின்றால் ரவுட்டருக்கு இரண்டும் கலந்து ஒன்றாகத்தான் தெரியும், பாதி வேகம் போகும். ஒன்றை வலப்பக்கம் 45, மற்றதை இடப்பக்கம் 45 சாய்த்து, இரண்டுக்கும் நடுவே அரை மீட்டர் விட்டு மாட்டியதில் ஆர்எஸ்ஆர்பி அசையவில்லை. வேகம் மட்டும் 26-இலிருந்து 34. செலவு, ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும்.

திசைக்கு போன் காம்பஸ் போதும். வடமேற்கை மையமாக வைத்து, இருபக்கமும் 15 டிகிரி 15 டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் காத்திருந்து எஸ்ஐஎன்ஆரை எழுதிக்கொள்ள வேண்டும். திருப்பியதும் பார்க்காதீர்கள், ரவுட்டர் எண்ணைச் சராசரி போட்டுத்தான் காட்டும். அதிக பலம் வந்தது டவருக்கு நேர் எதிரே. அதிக சுத்தம் வந்தது அதிலிருந்து 15 டிகிரி மேற்கே தள்ளி, பக்கத்து டவரின் இரைச்சல் குறையும் கோணத்தில். எஸ்ஐஎன்ஆர் 16, ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 92. அங்கேயே இறுக்கியாயிற்று. எஸ்எம்ஏ நட்டு 8 மில்லிமீட்டர், கையால் இறுக்கி ஸ்பேனரில் எட்டில் ஒரு சுற்று போதும்.

வெளி இணைப்புகளில் முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே கறுப்பு பிவிசி டேப். கேபிள் சுவருக்குள் நுழைவதற்கு முன்னால் 'ப' வடிவில் தொங்க விட்டால் மழைத்தண்ணீர் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஓடாது. ஆன்டெனா பைப்பை ஹெட்ரூம் தளத்துக்குக் கீழேயே நிறுத்தி, எர்த் கம்பியோடு இணைத்தாயிற்று.

கீழே இறக்கியது

ஹாலுக்கு 25 மீட்டர் கேட்-6, வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை, முழுச் செம்பு, 700 ரூபாய். சாம்பல் நிறச் சாதாரண உறை வெயிலில் வெடித்துவிடும். அணில் தொல்லை உள்ள தோப்பு என்பதால் முக்கால் இன்ச் பிவிசி குழாய்க்குள் ஓட்டியது. குழாய் 9 நீளம் 540. முதல் வாரம் குழாய் இல்லாமல் விட்ட மூன்று அடியில் பல் தடம் இருந்தது.

ஹாலில் பழைய வைஃபை ரவுட்டர் ஒன்று அக்சஸ் பாயின்டாக, அதாவது வைஃபையைப் பரப்ப மட்டும், வேலை செய்கிறது. அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, முகவரி பங்கிடும் டிஹெச்சிபியை அணைத்து, மாடிக் கேபிளை லேன் போர்ட்டில் சொருக வேண்டும். வேன் (இணையம் உள்ளே வரும்) போர்ட்டில் சொருகினால் இணையம் வரும், ஆனால் மாடி ரவுட்டரில் இணைந்த கருவியும் ஹால் ரவுட்டரில் இணைந்த கருவியும் இரண்டு தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும்.

ஏபிஎன், அதாவது நிறுவனத்தின் இணைய நுழைவாயிலின் பெயர், பெரும்பாலும் தானாகவே விழும். விழாவிட்டால் ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். ஐபி வகை ஐபிவி4, வி6 இரண்டும். பிறகு பேண்ட் பட்டியலில் 40-ஐ மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். பூட்டாமல் விட்டால் இரவில் ஒருமுறை பேண்ட் 3-க்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. பூட்டியதன் குறை, அந்த டவரில் பேண்ட் 40 நின்றால் வீட்டுக்கு இணையமே நிற்கும். வீட்டில் இன்னொருவருக்கும் பூட்டைத் திறக்கச் சொல்லிக்கொடுத்து வையுங்கள்.

ரவுட்டரில் வெளியாட்களுக்கு வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, வெளியிலிருந்து கேமராவைப் பார்க்கலாம் என்று மெனக்கெட வேண்டாம். ரவுட்டரின் வேன் முகவரி 10 என்றோ, 100.64-இலிருந்து 100.127 வரையிலோ தொடங்கினால் நீங்கள் நிறுவனம் பலருக்கும் சேர்த்து வைத்த பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள், வெளியிலிருந்து கதவு திறக்காது. கேமரா கம்பெனியின் செயலி வழியாகவோ, டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் செயலி வழியாகவோ போகலாம்.

கரண்ட்: கீழே வீட்டு இன்வெர்ட்டர் உண்டு, ஹெட்ரூமுக்கு அந்த லைன் இல்லை. 12 வோல்ட் மினி யுபிஎஸ் 1,350 ரூபாய். உள்ளே 2000 எம்ஏஹெச் செல் மூன்று, மொத்தம் 22 வாட்-மணி. ரவுட்டர் இழுப்பது 6 வாட். சேதாரம் போக மூன்று மணி நேரம் வர வேண்டும். அளந்ததில் 2 மணி 50 நிமிடம்.

செலவு

ரவுட்டர் 4,650, ஆன்டெனா 2,400, எல்எம்ஆர் கேபிள் 900, ஆன்டெனாவுக்குச் சின்ன பைப்பும் கிளாம்பும் 450, கேட்-6 700, குழாய் 540, ஆர்ஜே-45, டேப், சில்லறை 120, மினி யுபிஎஸ் 1,350, ஹெட்ரூமில் பிளக் பாயின்ட் 350. மொத்தம் 11,460. வீணாய்ப் போனது முதல் ரவுட்டர் 2,300, ஆர்ஜி-58 800, உயரக் கம்பம் 1,900, ஆக 5,000. கம்பம் மட்டும் இப்போது மோட்டார் ரூம் பந்தலுக்குக் காலாக நிற்கிறது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூனில் தொடங்கியதும் ஓலை ஆட ஆட எஸ்ஐஎன்ஆர் 11-க்கும் 17-க்கும் இடையே அலைகிறது. மழை பெய்வதால் இந்த அலைவரிசையில் நஷ்டமில்லை. மழை விட்ட பிறகு நனைந்த ஓலைதான் ஒன்றிரண்டு டெசிபலை எடுக்கிறது. வீடியோ மீட்டிங்கில் தெரியும் அளவுக்கு இல்லை.

மறுபடி செய்வதென்றால் மாற்றுவது இரண்டு. ரவுட்டர் கேட்-6 ஆக இருக்கும். இரவு 9 மணிக் கூட்டத்தில் ஒரு பேண்டில் பங்கு கேட்பதைவிட இரண்டில் கேட்பது லாபம். டவர் அந்த இரண்டு பேண்டையும் சேர்த்துத் தருகிறதா, ரவுட்டரின் பட்டியலில் அந்தச் சேர்க்கை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஆன்டெனாவை மேற்குச் சுவரில் மாட்டாமல் வடக்குச் சுவரில். இப்போது இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு மரம் சாய்ந்து நிற்கிறது, போன செவ்வாய்க்கிழமை காய்ந்த மட்டை ஒன்று விழுந்து இடப்பக்க ஆன்டெனாவை 20 டிகிரி திருப்பிவிட்டது. வேகம் 38-இலிருந்து 23-க்கு இறங்கியதை வைத்துத்தான் மாடிக்குப் போய்ப் பார்த்தது. சாய்வைச் சரிசெய்து, பைப்பிலும் கிளாம்பிலும் சேர்த்து பெயின்டில் ஒரு கோடு போட்டாயிற்று. அடுத்த மட்டை விழுந்தால் காம்பஸ் இல்லாமலே பழைய இடத்துக்குத் திருப்பிவிடலாம்.